நாமா, நாங்களா?

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் 1889இல் தொடங்கிய நெஷோபா கவுண்டித் திருவிழா, கோடையில் ஒரு வாரம் நடைபெறுவது. திடலிலேயே ஏறத்தாழ 600 சிறு மரக்குடில்கள் உள்ளன. தலைமுறைகளாகக் குடும்பச் சொத்தாய் வரும் அவற்றில், பல ஊர்களுக்குப் பிரிந்துபோன உறவினர் மீண்டும் கூடுகின்றனர். குதிரைப் பந்தயமும் அரசியல் மேடையும் உண்டு.

இதனை உறவின் விழா எனப் போற்றுவது எளிது. ஆயின் 1964 ஜூனில் இதே கவுண்டியில்தான், கறுப்பின மக்களின் குடியுரிமைகளுக்காக உழைத்த ஜேம்ஸ் சேனி, ஆண்ட்ரூ குட்மன், மைக்கேல் ஷ்வெர்னர் ஆகிய மூவரும் கொல்லப்பட்டனர். 1980 ஆகஸ்ட் 3 அன்று இத்திடலில் பேசிய அதிபர் வேட்பாளர் ரொனால்ட் ரீகன், 'மாநில உரிமை'யில் தமக்கு நம்பிக்கை உண்டு என்றார், அம்மூவரைக் குறிப்பிடவில்லை. தமிழர் செவியில் கூட்டாட்சிக் குரலாக ஒலிக்கும் அத்தொடர், அம்மண்ணில் இனப்பிரிவினைச் சட்டங்களுக்குக் கேடயமாக இருந்தது.

ஆங்கிலத்தில் தன்மைப் பன்மைச் சொல் ஒன்றே. தமிழோ, கேட்போரை உள்ளடக்கும் 'நாம்' என்றும் விலக்கும் 'நாங்கள்' என்றும் பிரித்துரைக்கும். மேடையில் நின்று 'நம் மக்கள்' எனும்போது அது எந்தப் பன்மை? இனப்பிரிவினைக் காலத்தில் குடில் பெற்றோரிடமிருந்தே அடுத்த தலைமுறைக்கு உரிமை இறங்குமாயின், அக்காலத்து விலக்கமும் உடன் இறங்குகிறது.

உறவினர் கூடுவது குற்றமன்று. 'நாங்கள்' கூடியதை 'நாம்' கூடியதாகப் பதிவு செய்வதே பிழை. குடிலைப் பெறுவோர், வெளியே நிறுத்தப்பட்டோரின் நினைவையும் பெற்றாக வேண்டும்.