வார்ப்புருவில் யார் கைவைப்பது?

வலைச் செயலிகளைக் கட்டுவதற்கான சட்டகங்களுள் ஒன்றாகிய ஜாங்கோ, ஒரு நாளிதழ் அலுவலகத்தில் பிறந்தது என்பதை மறந்துவிடலாகாது. அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்து லாரன்ஸ் நகரில் உருவாகி, 2005இல் பொதுவில் வெளியிடப்பட்டது அது. பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் வார்ப்புருக்களில் நிரலாளர் அல்லாதவரும் கைவைக்க இயல வேண்டும் என்பதால், அவற்றின் மொழி வேண்டுமென்றே எளிமையாக வைக்கப்பட்டது. நிபந்தனை உண்டு, சுழற்சி உண்டு. நினைத்தபடி பைத்தான் எழுத இடமில்லை.

2015இல் வந்த 1.8ஆம் பதிப்பு, ஜின்ஜா2 என்னும் மற்றொரு வார்ப்புரு இயந்திரத்தையும் சட்டகத்தோடு இணைக்க வழிசெய்தது. வேகம் கருதி, நம் கவிதைத் தொகுப்புத் தளத்தில் நாமும் இணைத்தோம். பக்கங்கள் திறக்கவே மறுத்தன. அடிகளைப் பிரித்துக் காட்டும் ‘லைன்பிரேக்ஸ்’ வடிகட்டி ஜாங்கோவின் சொத்து. ஜின்ஜாவுக்கு அதனை நாமே பதிவுசெய்து தர வேண்டும். அஃதறியாமல் அச்சொல்லை நீக்கினோம். பக்கங்கள் திறந்தன, கவிதைகள் அனைத்தும் உரைநடையாகிக் கிடந்தன!

பிழை நம் அவசரத்தினுடையது, திருத்திவிட்டோம். ஆயினும் நம் கவலை வேறு. ஜின்ஜா வார்ப்புருவில் செயற்கூறுகளை உள்ளீடுகளோடு அழைக்கலாம். அந்த வசதியால், எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்ற முடிவுகளெல்லாம் மெல்ல வார்ப்புருவுக்குள் குடியேறின. மெய்ப்புப் பார்க்கும் மாணவி முன்பு தாமே பக்கத்தைச் சரிசெய்வார். இன்று தொடவே அஞ்சுகிறார்.

இணைக்கலாகாது என்பதல்ல நம் வாதம். இரண்டு இயந்திரங்களும் ஒரே சட்டகத்தில் தனித்தனி அடைவுகளோடு வாழ இயலும். கணக்கைப் பைத்தானிடம் விடுவோம். பக்கம் சொல்லறிந்தவர் கைக்கு எட்டும்படி இருக்கட்டும். சில மில்லிநொடிகளை ஈட்டி ஒரு மெய்ப்பாளரை இழப்பது நட்டமே.