வாலிபக் காருக்கு விசா இல்லை

வெளிநாட்டுக் காருக்கு இந்தியா விசா கொடுக்கிற விதமே தனி. கைக்குழந்தை வரலாம். பல் போன கிழவர் வரலாம். நடுவில் இருக்கிற வாலிபர்கள் மட்டும் வரக்கூடாது. செகண்ட் ஹேண்ட் கார் என்றால் பிறந்து மூன்று வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது, ஸ்டீயரிங் வலது பக்கம் இருக்கவேண்டும். அதைத் தாண்டிவிட்டால், 'வின்டேஜ்' என்று மரியாதையாகக் கூப்பிடுகிற வயசு வரைக்கும் வெளியிலேயே நிற்கவேண்டியதுதான். நாலு வயசில் மூக்கும் முழியுமாக நிற்கிற பென்ஸைப் பார்த்து, 'ஒரு நாற்பத்தாறு வருஷம் கழிச்சு வாப்பா' என்கிறோம்.

ராஜபாளையத்தில் ஒரு மில் ஆபீஸில் கணக்கு எழுதுகிற எனக்கு இந்த ஞானம் எதற்கு என்று கேட்பீர்கள். எனக்கு ஈப்போவில் ஒரு தாய்மாமா. வயசு எழுபத்துமூன்று. அவரிடம் 1966 மாடல் மோரிஸ் மைனர் ஒன்று இருக்கிறது. மாமா இந்தியாவுக்கே திரும்பி வந்துவிடப் போகிறார். வரும்போது மைனரும் கூட வரவேண்டும் என்கிறார்.

"விசாரிச்சு வை மாப்ளே. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலுக்கு அந்த வண்டியிலதான் போகணும். உன் அத்தைக்குச் சொன்ன வாக்கு."

அத்தை போய் இரண்டு வருஷம் ஆகிறது. கல்யாணமான புதுசில் வாங்கிய வண்டி. முன் ஸீட்டில் அத்தை உட்கார்ந்து உட்கார்ந்து ஒரு பக்கம் ஸ்பிரிங் இறங்கிவிட்டதாம். அதை மட்டும் மாமா இன்றுவரை ரிப்பேர் பண்ணவில்லை. இதற்குமேல் நான் 'முடியாது மாமா' என்று எப்படிச் சொல்வது?

அரை நாள் லீவு போட்டுவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினேன். டி.என். 84 என்று நம்பர் கொடுக்கிற ஊர் அது. ஆனால் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போகவில்லை. ஊரில் ஒரு அண்ணாச்சி இருக்கிறார். ரிட்டயரான பிரேக் இன்ஸ்பெக்டர். (மோட்டார் வாகன ஆய்வாளர் என்று எழுதினால் நம் ஊரில் யாருக்கும் தெரியாது.) கால் கிலோ பால்கோவாவோடு போய் நின்றேன். இந்த ஊரில் பால்கோவா கொண்டுபோவது திருப்பதியில் லட்டு கொடுப்பது மாதிரிதான். இருந்தாலும் வாங்கிக்கொண்டார்.

"போன வருஷம் வந்திருந்தா கதையே வேற தம்பி" என்று ஆரம்பித்தார். "எந்த வருஷம்னு கேளு. 2024!"

விஷயம் இதுதான். 2021 ஜூலையில் மத்திய அரசு வின்டேஜ் வண்டிகளை ரிஜிஸ்டர் பண்ணத் தனி விதி கொண்டுவந்தது. முதல் ரிஜிஸ்ட்ரேஷன் ஆகி 50 வருஷம் தாண்டிய டூவீலரும் காரும் வின்டேஜ். இறக்குமதி ஆனாலும் சரி. ஆனால் இறக்குமதி பார்க்கிற டிபார்ட்மென்ட் தன் பழைய விதியை விடவில்லை. 1950-க்கு முன்னால் செய்த வண்டியைத்தான் உள்ளே விடுவேன் என்றது. ஆக, மாமாவின் மைனர் உள்ளே வந்திருந்தால் ரிஜிஸ்டர் பண்ணலாம். ஆனால் உள்ளே வரமுடியாது! 2025-ல்தான் இறக்குமதிக்கும் 50 வயசு போதும் என்று தளர்த்தினார்கள். இனி ஒவ்வொரு வருஷமும் ஒரு செட் கார்கள் வயசுக்கு வரும். 1975 மாடல்களுக்கு அந்த வருஷமே சடங்கு நடந்துவிட்டது.

"அப்ப ஜோலி முடிஞ்சுது அண்ணாச்சி."

"எங்க முடிஞ்சுது? சுங்கம் இருக்குல்ல."

வரி, வரிக்கு மேல் வரி, அதற்கு மேல் ஜி.எஸ்.டி. எல்லாம் கூட்டினால் கார் விலையைப் போல் இரண்டு மடங்கு கட்டினாலும் பாக்கி நிற்கும். விலை என்பதும் நாம் சொல்கிற விலை இல்லை. கப்பல் கூலியும் இன்ஷூரன்ஸும் அதில் சேர்ந்துவிடும். அதாவது கப்பலுக்குக் கொடுத்த காசுக்கும் வரி. பெரிய மனிதர்களே இதில் மூச்சுத் திணறியிருக்கிறார்கள். நடிகர் விஜய் 2012-ல் இங்கிலாந்திலிருந்து ரோல்ஸ் ராய்ஸ் கோஸ்ட் கொண்டுவந்தார். சுங்கம் கட்டியாயிற்று. ரிஜிஸ்டர் பண்ணப் போனால் மாநில நுழைவு வரியும் கட்டு என்றார்கள். ஹைகோர்ட்டுக்குப் போனார். 2021 ஜூலையில் நீதிபதி மனுவைத் தள்ளி, கடுமையான வார்த்தைகளோடு ஒரு லட்சம் அபராதமும் போட்டார். அந்த வார்த்தைகளை நீக்கி டிவிஷன் பெஞ்ச் உத்தரவு போட 2022 ஜனவரி ஆனது. கார் வாங்கிப் பத்து வருஷம்!

குறுக்கு வழி? அதையும் சிலர் பார்த்துவிட்டார்கள். 2025 செப்டம்பரில் கேரளாவில் சுங்கத் துறை 'நும்கோர்' என்று ஒரு ரெய்டு நடத்தியது. பூட்டான் பாஷையில் 'வண்டி' என்று அர்த்தமாம். லாண்ட் க்ரூஸர் மாதிரி நடுவயசு வண்டிகளை பூட்டான் வழியாகக் கொண்டுவந்து, வேறு மாநிலங்களில் போலிக் காகிதம் காட்டி ரிஜிஸ்டர் பண்ணினார்கள் என்பது குற்றச்சாட்டு. சினிமா நட்சத்திரங்கள் வீடுகளிலும் சோதனை நடந்தது. இதை நான் வீட்டில் சொன்னபோது அம்மா பயந்து, "தம்பிய பூட்டான் பக்கமே போக வேண்டாம்னு சொல்லுடா" என்றாள். ஈப்போவிலிருந்து ராஜபாளையம் வர எதற்கு பூட்டான் வழியாக வரவேண்டும் என்று அம்மாவிடம் கேட்க முடியுமா?

வரியும் கட்டி, வண்டியும் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். சுங்கத்தில் கொடுத்த 'பில் ஆஃப் என்ட்ரி', இன்ஷூரன்ஸ், மலேசியா ஆர்.சி. இவற்றோடு ஃபாரம் 20 எழுதிக் கொடுக்க வேண்டும். ஃபீஸ் 20,000 ரூபாய். ஒரு கமிட்டி பார்த்து 'ஆமாம், இது கிழம்தான்' என்று சர்ட்டிபிகேட் கொடுத்தால், நம்பரில் வி.ஏ. என்று இரண்டு எழுத்து விழும். பத்து வருஷம் செல்லும். அப்புறம் 5,000 கட்டிப் புதுப்பிக்கலாம். ஒரே நிபந்தனை, சேஸிஸ், பாடி, இன்ஜின் மூன்றிலும் பெரிசாகக் கை வைத்திருக்கக் கூடாது.

"நம்ம ஆண்டாள் தேரு பாஸாகுமா அண்ணாச்சி?" என்று கேட்டேன். மரச் சக்கரம் போய் இரும்புச் சக்கரம் வந்துவிட்டது, முட்டுக்கட்டையோடு நில்லாமல் ஹைட்ராலிக் பிரேக்கும் வைத்துவிட்டார்கள்.

அண்ணாச்சி சீரியஸாகவே யோசித்தார். "சக்கரம், பிரேக் மாத்தினா தப்பில்ல. ஆனா இன்ஜின் இடிக்குதே. வடம் பிடிக்கிற நாமதானே இன்ஜின்? தலைமுறைக்கு ஒரு தடவை மாறிப் போகுதே!"

அப்புறம்தான் குண்டைப் போட்டார். வி.ஏ. நம்பர் வண்டியைத் தினசரி ஓட்டக் கூடாது. கண்காட்சி, வின்டேஜ் ராலி, ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, சர்வீஸ் பண்ணுவது இதற்கெல்லாம் மட்டும்தான் ரோட்டுக்கு வரலாம். கோயில் குளம் லிஸ்டில் இல்லை. எங்கள் பக்கத்துப் பெருசுகள் காரைப் 'பிளசர்' என்பார்கள். சட்டம் பிளசரை மட்டும் விட்டுவிட்டு, போக்குவரத்தைப் பிடுங்கிக்கொண்டது.

இது எனக்கு நியாயமாகப் படவில்லை. புகை கக்குகிற பழைய வண்டி தினம் ரோட்டுக்கு வரக்கூடாது என்பது சரி. வருஷத்துக்கு நாலு நாள் பெண்டாட்டி நினைப்போடு ஒரு மனுஷன் கோயிலுக்குப் போனால் எந்த வானம் கறுத்துவிடும்?

"இங்கயே நம்பரோட ஓடுற மைனர் ஒண்ணு வாங்கிக்கச் சொல்லு. எஃப்.சி. எடுத்துட்டு இஷ்டம்போல ஓட்டலாம். செலவும் கம்மி" என்றார் அண்ணாச்சி. நல்ல யோசனைதான். ராத்திரி போனில் மாமாவிடம் சொன்னேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அதுல உன் அத்தை உக்காந்ததில்லையே மாப்ளே."

நான் பேச்சை மாற்றி, என்னென்னவற்றுக்கு ரோட்டில் போகலாம் என்ற லிஸ்டைப் படித்தேன். 'பெட்ரோல் போட' என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார்.

"ஸ்ரீவில்லிபுத்தூர்ல பெட்ரோல் பங்க் இருக்கா?"

"இருக்கு மாமா. ஆனா ராஜபாளையத்துலயும் இருக்கே. பன்னிரண்டு கிலோமீட்டர் தாண்டிப் போய் எதுக்குப் போட்டேன்னு கேட்டா?"

"அங்க அளவு சரியா இருக்கும்னு சொல்றேன்."

"சரி, திரும்பி வர்றதுக்கு?"

"ராஜபாளையத்துல மெக்கானிக் இருக்கான்ல? சர்வீஸ்!"

மறுநாள் காலையிலேயே அம்மா டேப்போடு பின்கட்டில் நின்றாள். மோரிஸ் மைனரின் நீளம் பன்னிரண்டு அடி நாலு அங்குலம். எங்கள் பழைய மாட்டுத் தொழு சரியாகப் பன்னிரண்டு அடி. நாலு அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். முன்பக்கக் கதவைக் கழற்றிவிட்டு ஒரு தார்ப்பாய் கட்டிவிடலாம் என்கிறாள்.