செடிக்குள் வாழும் பாக்டீரியாவும் சித்தூர் வேர்க்கடலையும்

பாக்டீரியா என்றவுடன் நோயை நினைப்பது பள்ளிப் பருவத்திலேயே படிந்துவிடும் வழக்கம். செடியின் உட்புறத்தே வாழ்ந்து, அதற்குத் தீங்கிழைக்காமல், பயனுள்ள பொருள்களை ஆக்கித் தரும் பாக்டீரியாக்களும் பல உண்டு. சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் இதனைக் கற்பிக்க ஆய்வுக்கூடம் வேண்டுவதில்லை. மானாவாரி வேர்க்கடலைக் கொல்லையே போதும்.

வேர்க்கடலையில் ரைசோபிய இனத்துப் பாக்டீரியா, பக்கவேர் வெடித்துக் கிளம்பும் இடுக்கின் வழியாக உட்புகுகிறது. ஆகவேதான் முடிச்சுகள் வேர் கிளைக்கும் கவட்டில் திரண்டு காணப்படுகின்றன. ஒரு முடிச்சை நகத்தால் கிள்ளினால் உள்ளே சிவப்பு தெரிதல் வேண்டும். அது மனிதக் குருதிச் சிவப்புக்கு உறவான ஒரு புரதத்தின் நிறம். காற்றிலுள்ள நைட்ரஜன் தழைச்சத்தாக மாறிவருவதற்கு அடையாளம். இதனைப் பாராமலே யூரியாவைச் சிபாரிசு செய்வது முறையன்று. மண்ணில் தழைச்சத்து மிகுந்தால் முடிச்சுகளின் வேலை குன்றிவிடும்.

முடிச்சே இல்லாத கரும்பின் உள்ளேயும் நைட்ரஜனைப் பிடிக்கும் பாக்டீரியா இருப்பதைப் பிரேசில் நாட்டில் காவல்காந்தெ, டொபெரைனர் ஆகியோர் 1988-இல் விவரித்தனர். வெல்லம் காய்ச்சும் சித்தூருக்கு அது புறக்கணிக்கத்தக்க செய்தியன்று.

பாசில்லஸ் இனத்தவை சில, பூஞ்சணத்தின் செல் சவ்வைச் சிதைக்கும் பொருள்களைச் சுரக்கின்றன. அவற்றுள் ஒன்றான இட்யூரின், காங்கோ நாட்டு இட்யூரிப் பகுதியின் பெயரைத் தாங்கியது. வேர்க்கடலையின் தண்டழுகலுக்குக் காரணமான பூஞ்சணத்தை ஆய்வுத்தட்டில் பாசில்லஸ் தடுப்பது பன்முறை காணப்பட்டுள்ளது. எனினும் தட்டு வேறு, செம்மண் கொல்லை வேறு. திருப்பதி வட்டார வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் போன்றவை உள்ளூர் மண்ணில் நடத்தும் சோதனையே உழவனுக்குச் சான்றாக வேண்டும்.

இனி, பொட்டலத்தைப் பற்றிய விஷயம். 2006-இல் உயிர் உரங்கள் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் கொண்டுவரப்பட்டன. ரைசோபியப் பொடியில் கிராமுக்கு 5 கோடி உயிருள்ள செல்கள் இருத்தல் வேண்டும் என்பது விதி. ஆலையில் எண்ணிக்கை சரியாகவே இருக்கலாம். ஆனால் 40 பாகையைத் தாண்டும் கோடை வெயிலில் கடைவாசலில் கிடந்த பொட்டலத்தில் எத்தனை பிழைத்திருக்கும்? பாசில்லஸ் ஸ்போர் வடிவில் வெப்பத்தைத் தாங்கும். ரைசோபியத்துக்கு அத்திறன் கிடையாது. செத்த பொடியைத் தூவி ஏமாந்த உழவன் பாக்டீரியாவையே பொய் என்கிறான். அவனைக் குறைகூறுவதற்கில்லை.

எனவே பொட்டலத்தைக் கையில் கொடுத்துக் கையொப்பம் வாங்குவதோடு களப்பணி முடிந்துவிடாது. காலாவதித் தேதி, வைத்திருந்த இடம், விதையில் முன்பே பூஞ்சண மருந்து கலந்திருக்கிறதா என்பவற்றை விதைப்புக்கு முன்னரே விசாரித்தறிதல் வேண்டும். பொடி கலந்த விதையை நிழலில் உலர்த்தி அன்றே விதைக்கச் செய்யவேண்டும். ஒரு மாதம் கழித்து, அவ்வூர்ப் பள்ளி ஆசிரியரும் மாணவர்களும் உடனிருக்க, நாலைந்து செடிகளை மண்ணோடு பெயர்த்து முடிச்சுகளைக் கிள்ளிப் பார்ப்பதற்குச் செலவு ஏதுமில்லை.