‘ஏலியன் குழந்தை’ என்று ஃபார்வர்டு செய்யும் முன்... அந்தக் குழந்தைக்கு உண்மையில் என்ன பிரச்னை?

சில மாதங்களுக்கு ஒருமுறை அந்த வீடியோ ஃபேமிலி குரூப்பில் வந்து விழுந்துவிடும். பிளாஸ்டிக் தாள் சுற்றியது போலப் பளபளக்கும் உடல், வெளிப்பக்கம் மடங்கிய சிவந்த இமைகள், மூட முடியாத வாய். கூடவே ‘ஏலியன் குழந்தை’, ‘கலி முத்திடுச்சு’ என்று ஒரு வரி. ஊர் பெயர் மட்டும் மாறிக்கொண்டே இருக்கும்.

அது ஏலியனும் இல்லை, சாபமும் இல்லை. இப்படிப் பிறக்கும் குழந்தையை மருத்துவர்கள் ‘கொலோடியன் பேபி’ என்கிறார்கள்.

என்ன நடக்கிறது?

தோலின் மேலடுக்கை உருவாக்கும் மரபணுக்களில் ஏற்படும் மாற்றத்தால், இறுக்கமான ஒரு சவ்வு போர்த்தியபடி குழந்தை பிறக்கிறது. இமையையும் உதட்டையும் வெளியே இழுப்பது அந்த இறுக்கம்தான். சவ்வு வெடித்தால் உடலின் நீரும் சூடும் வேகமாக வெளியேறும், கிருமித்தொற்றும் எளிதில் வரும். அதனால்தான் ஈரப்பதம் கூட்டிய இன்குபேட்டரில் வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள்.

வைரல் வீடியோ சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. பெரும்பாலும் 2 முதல் 4 வாரங்களில் அந்தச் சவ்வு உரிந்துவிடும். சிலருக்கு அதன்பின் ஏறக்குறைய இயல்பான தோலே இருக்கும். பலருக்கு ‘இக்தியோசிஸ்’ எனும் செதில் போன்ற வறண்ட தோல் வாழ்நாள் முழுக்கத் தொடரும். தினமும் களிம்பு தடவ வேண்டும். ஆனா, அவங்களும் ஸ்கூலுக்குப் போவாங்க, வேலைக்குப் போவாங்க. 30-வது நாளில் அந்தக் குழந்தையை யாரும் வீடியோ எடுப்பதில்லை. எடுத்தாலும் வியூஸ் வராது.

இதைவிடத் தீவிரமானது ‘ஹார்லெக்வின் இக்தியோசிஸ்’. 1750-லேயே இன்றைய அமெரிக்காவின் சார்லஸ்டனில் ஒரு பாதிரியார் இதைப் பதிவு செய்திருக்கிறார். காரணமான ஏபிசிஏ12 மரபணு தெரியவந்ததோ 2005-ல்தான். பிறந்த சில நாட்களிலேயே இறந்துவிடும் என்று கைவிடப்பட்ட இந்தக் குழந்தைகளில், இன்று பெரியவர்களாகி வாழ்பவர்களும் இருக்கிறார்கள். (கோமாளியின் கட்டம் போட்ட உடையைப் பார்த்து நோய்க்குப் பெயர் வைத்த மருத்துவ உலகமும் இதில் ரொம்ப யோக்கியம் இல்லை.)

பழி யாருக்கு?

‘கிரகணத்தப்போ வெளியே வந்திருப்பா’ என்று பழி நேராகத் தாய் மீது விழுகிறது. இந்த நோய்கள் பெரும்பாலும் தாய், தந்தை இருவரிடமிருந்தும் மாற்றமடைந்த மரபணு வந்து சேரும்போதே ஏற்படுகின்றன. அப்பாவின் பங்கு சரிபாதி. தாய்மாமன், அத்தை மகன் என நெருங்கிய உறவில் திருமணம் செய்தால் இதற்கான வாய்ப்பு கூடுகிறது.

‘ஒண்ணுக்கு வந்தாச்சு, அடுத்ததுக்கு வராது’ என்பதும் தப்புக் கணக்கு. அப்படிப்பட்ட பெற்றோருக்கு ஒவ்வொரு கர்ப்பத்திலும் வாய்ப்பு 25 சதவீதம். எந்த மரபணு என்று உறுதியாகத் தெரிந்தால், அடுத்த கர்ப்பத்தில் முன்கூட்டியே பரிசோதிக்க முடியும். சாபம் என்று நம்பவைக்கப்பட்ட குடும்பமோ பரிகாரத்துக்குப் போகும், மரபணு ஆலோசனைக்குப் போகாது. ‘சும்மா ஒரு ஃபார்வர்டு’ செய்யும் உண்மையான சேதம் இது.

இன்னொரு கேள்வி: பிரசவ அறைக்குள் செல்போனை நீட்டியது யார்? வழிப்போக்கர் யாரும் அங்கே போக முடியாது. அந்த வீடியோவைத் தம்ப்நெயிலாக்கும் செய்தித் தளங்களுக்கும் இதில் பங்கு உண்டு. முகத்தை மங்கலாக்கினால் போதாது, போடவே கூடாது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் சொன்னது பிறந்த குழந்தைக்கும் சேர்த்துத்தான்.

பிறவிக் குறைபாட்டோடு குழந்தை பிறந்த வீட்டுக்கு அனுப்ப வேண்டிய தகவல் வேறு. 2013-ல் தொடங்கிய ஆர்பிஎஸ்கே எனும் தேசிய சிறார் நலத் திட்டத்தில், பிறந்தது முதல் 18 வயது வரை இலவசப் பரிசோதனை உண்டு. மேல்சிகிச்சைக்கு வழிகாட்ட, மாவட்ட அளவில் ஆரம்பநிலை இடையீட்டு மையங்களும் இருக்கின்றன.