'சூப்பர்' எண்டு சொல்லி ஆளைக் கவிழ்க்காதீங்கோ

புதுசாப் படம் கீறத் தொடங்கின ஒருத்தர் கொப்பியை நீட்டினா நாங்கள் சொல்லுறது ரெண்டுதான்: "சூப்பர் மச்சான்", இல்லாட்டி "உனக்கு இது சரிவராது". இரண்டையுமே கொப்பியைப் பார்க்காமல் சொல்லலாம்.

ஒரு பெட்டியைச் சாய்வாகக் கீறிப் பாருங்கோ. அதன் சமாந்தர விளிம்புகள் தூரம் போகப்போக நெருங்கவேண்டும். தொடக்கத்தில் அநேகமானவர்களுக்கு அவை விலகித்தான் போகும். கீறினவருக்கு அது தெரியாது. பக்கத்தில் இருப்பவர் அடிமட்டம் வைத்து அந்தக் கோடுகளை நீட்டிக் காட்டினால் உடனே விளங்கும். அதுதான் விமர்சனம். 'சூப்பர்' அந்தப் பிழையை அடுத்த நூறு பெட்டிக்கும் கொண்டுபோகும்.

"திறமை பிறப்பிலேயே வரவேணும்" எண்டு கதைக்கிறவைக்கு ஒரு கேள்வி: வான்கோவைத் தெரியுமோ? ஓவியராவது என்று அவர் முடிவெடுத்தது 1880இல், 27 வயதில். சார்ல் பார்க்கின் பயிற்சித் தாள்களைப் பார்த்துத் திரும்பத் திரும்பக் கீறித்தான் பழகினார்.

1885இல் அவருடைய 'உருளைக்கிழங்கு உண்பவர்கள்' அச்சுப்படத்தை நண்பர் ரப்பார்ட் கடுமையாக விமர்சித்தார். வான்கோ அந்தக் கடிதத்தையே திருப்பி அனுப்பிவிட்டார். ரப்பார்டின் தொனி பிழைதான். ஆனால் பின்னாலிருக்கும் பெண்ணின் கை, வலப்பக்க மனிதனின் முழங்கால் என்று இடத்தைச் சுட்டி எழுதியிருந்தார். மனுசன் படத்தைப் பார்த்திருக்கிறார்!

எங்களில் எத்தனை பேர் பார்க்கிறம்?

பழகுறவருக்குத் தேவை பாராட்டுமில்லை, தீர்ப்புமில்லை. ஒரு பிழை, அது இருக்கும் இடம், திருத்தும் வழி: இவ்வளவும் போதும். அதுக்கு ஐந்து நிமிடம் ஒதுக்க ஏலாதெண்டால், "இப்ப நேரமில்லை" எண்டு நேர்மையாச் சொல்லுங்கோ.