சேவலின் மேல் ஒரு வழக்கு

பட்டணத்து மனிதன் நாலு நாள் காற்று வாங்கக் கிராமத்துக்குப் போவதை நான் குறை சொல்லவில்லை. போன இடத்தில், கிராமம் தன் சௌகரியத்துக்கு வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்கிறானே, அதைத்தான் சொல்கிறேன்.

பிரான்ஸ் தேசத்தின் மேற்குக் கரைக்கு அப்பால் ஒலெரோன் என்று ஒரு தீவு. அங்கே மோரிஸ் என்னும் சேவல் விடியற்காலையில் கூவியது. சேவல் வேறென்ன செய்யும்? பக்கத்தில் விடுமுறை வீடு வைத்திருந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். 2019 செப்டம்பரில் ரோஷ்ஃபோர் நீதிமன்றம் சேவலின் பக்கமே தீர்ப்புச் சொன்னது. சேவலையே தேசச் சின்னமாகக் கொண்டாடும் நாட்டில் இப்படி ஒரு வழக்கு! ஊரெல்லாம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நானும் பாரிஸில் வாழ்ந்து பழகியவன்தான். சில மாதங்கள் க்ரூஸ் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் வாடகைக்குக் குடியிருந்தேன். கடைக்குள் நுழைந்தால் முதலில் 'போன்ழூர்' சொல்ல வேண்டும், சாமான் பிறகுதான். மத்தியானம் அடைத்த கடை இரண்டு மணிக்கு முன் திறக்காது. ரொட்டி வண்டி வரும் நாளைத் தவறவிட்டால் பழைய ரொட்டிதான். மாதாகோயில் மணி ஒவ்வொரு மணியையும் இருமுறை அடிக்கும்; வயலில் இருப்பவன் முதல் தடவை எண்ணத் தவறினால் இரண்டாம் தடவை எண்ணிக்கொள்ளட்டுமாம். காற்றுத் திரும்பினால் எருவின் நாற்றம் படுக்கையறை வரை வரும். மழைக்கு முந்திக்கொள்ள இரவிலும் டிராக்டர் ஓடும். இவையெல்லாம் இடைஞ்சல்களா? இவற்றைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது கிராமமல்ல, சுவரில் மாட்டிய படம்!

அந்த க்ரூஸ் மாவட்டத்துக்கு இன்னொரு கதை உண்டு. சென்ற நூற்றாண்டுக்கும் முந்தைய நூற்றாண்டில், அங்கத்திய கொத்தனார்கள் வசந்தம் பிறந்ததும் பாரிஸுக்கு நடந்தே போவார்கள், வீடுகள் கட்டுவார்கள், குளிர்காலத்தில் ஊர் திரும்புவார்கள். மார்த்தேன் நதோ என்பவர் 1830இல், பதினான்கு வயதில், தகப்பனாருடன் அப்படி நடந்து போனவர். 1849இல் சட்டசபை அங்கத்தினராகவும் ஆனார். அந்தக் கொத்தனார்கள் மலிவான விடுதிகளில் நெருக்கியடித்துப் படுத்தார்கள். பாரிஸின் வண்டிச் சத்தம் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று யாராவது நீதிமன்றம் ஏறினார்களா? வந்தவர்கள்தான் வளைந்துகொடுத்தார்கள். அவர்கள் கட்டிய வீட்டில் இருந்துகொண்டு அவர்கள் ஊர்ச் சேவலைச் சகியோம் என்பது எந்த ஊர் நியாயம்?

2021 ஜனவரியில் பிரெஞ்சுப் பாராளுமன்றம் கிராமத்தின் ஒலிகளையும் வாசனைகளையும் தேசத்தின் மரபுச் செல்வமாக்கிச் சட்டம் செய்தது. குடிவருவதற்கு முன்பிருந்தே முறைப்படி நடந்துவரும் தொழிலை எதிர்த்து, வந்தவர் வழக்காட முடியாதபடி 2024 ஏப்ரலில் இன்னொரு சட்டமும் வந்தது. இரண்டும் வேண்டியவைதான். ஆனால் சேவல் கூவச் சட்டத்தின் அனுமதி தேவைப்படுகிறது என்றால் வெட்கப்பட வேண்டியது சேவலா?

'உழைத்துக் களைத்தவனுக்கு அமைதி வேண்டாமா?' என்று கேட்பார்கள். வேண்டும். அக்கம்பக்கத்தாரை வேண்டுமென்றே வதைப்பவனை நானும் ஆதரிக்கவில்லை. ஆனால் அடுத்தவனுடைய வேலையை நிறுத்தி வாங்கும் அமைதிக்கு ஓய்வு என்று பெயரில்லை. அதிகாரம் என்று பெயர்.

இதைவிடப் பெரிய துக்கம் ஒன்று உண்டு. பிரான்ஸில் பத்து வீடுகளுக்கு ஏறக்குறைய ஒன்று, வருஷத்தில் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கும் இரண்டாம் வீடு. கடற்கரை ஊர்களில் அதனாலேயே விலை ஏறி, உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வீடு எட்டாமல் போகிறது. எத்தனையோ கிராமங்களில் பிள்ளைகள் போதாமல் பள்ளி வகுப்புகளை மூடுகிறார்கள். கடைசிக் கடையும் அடைபடுகிறது. அந்த மௌனம் விடுமுறைக்காரரின் தூக்கத்தைக் கெடுப்பதில்லை. அதை எதிர்த்து அவர் மனுப்போட்டு நான் பார்த்ததில்லை.

சேவல் கூவுகிறவரை ஊரில் யாரோ தீனி போடுகிறார்கள் என்று அர்த்தம். பயப்பட வேண்டியது அது கூவாத காலையைக் கண்டுதான்.