இருண்ட திரையும் ஓயாத அழைப்பும்

கைத்தொலைபேசி இல்லாத வீடு இன்று அரிது. அதனைக் கையாளத் தெரியாதவர்களும் அரியர். ஆயின், அதன் உள்ளே நிகழ்வது யாதென அறிந்தவர்கள் மிகச் சிலரே. அறியாமை உள்ள இடத்திலே அச்சமும் குடிபுகும். வீண் செலவும் பின்தொடரும். ஆதலால், பலரை அல்லற்படுத்தும் ஒரு சிறு கோளாற்றினை எடுத்துக்கொண்டு, அதன் காரணத்தையும் பரிகாரத்தையும் இவ்வாரம் வாசகர்களுக்கு விளக்கக் கருதுகின்றேன்.

கோளாற்றின் குறி இதுவாகும். அழைப்பு வருகின்றது, கருவியைக் காதிலே வைத்துப் பேசுகின்றோம், திரை இருள்கின்றது. பேச்சு முடிந்து கருவியைக் காதிலிருந்து எடுக்கும்போது திரை மீண்டும் ஒளிர்தல் வேண்டும். அங்ஙனம் ஒளிராது அது கரும்பலகை போலக் கிடக்கின்றது. அழைப்பைத் துண்டிக்கும் சிவப்புப் பொத்தான் கண்ணுக்குத் தெரிவதில்லை. விரலால் தட்டினாலும் பயனில்லை. மறுமுனையில் இருப்பவர் துண்டித்தாலன்றி அழைப்பு ஓய்வதில்லை.

இது அற்ப விஷயமன்றோ என்று சிலர் எண்ணக்கூடும். அற்பமன்று. நான் அறிந்த குடும்பமொன்றிலே மணப்பேச்சு நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளையின் தாயார் பெண் வீட்டாரோடு இனிமையாகப் பேசி முடித்துக் கருவியை மேசைமேல் வைத்தார். திரை இருண்டிருந்தபடியால் அழைப்பும் முடிந்ததென்று நம்பினார். பின்னர்த் தம் கணவரிடம் சீதனத்தைப் பற்றியும் பெண்ணின் நிறத்தைப் பற்றியும் அவர் மனம்விட்டுக் கூறியவை யாவும் மறுமுனையிலே கேட்டுக்கொண்டிருந்தன. அச்சம்பந்தம் அன்றோடு முறிந்தது. அவ்வாறு பேசியது முறையோ என்பது வேறு வினா. திரை இருண்டால் அழைப்பு முடிந்துவிட்டது என்று கொள்வது தவறு என்பதே இங்கு நாம் கருத வேண்டியது.

பிள்ளைகள் யாவரும் கனடாவிலும் இலண்டனிலும் வாழத் தனியே வீட்டிலிருக்கும் முதியோரை நினைத்துப் பாருங்கள். அவர்களுக்குக் கைத்தொலைபேசியே உற்ற துணை. ஓர் அழைப்பை முடிக்க இயலாது திகைத்து நிற்கும் வேளையிலே நெஞ்சுவலி கண்டால், 1990 என்னும் இலக்கத்தை அழுத்தி அம்புலன்ஸ் வண்டியை வரவழைப்பது எங்ஙனம்? வங்கியை அழைத்தால், "ஒன்றை அழுத்துக, இரண்டை அழுத்துக" என்று இயந்திரக் குரல் கூறும். அழுத்துவதற்கு இலக்கங்களைக் காட்டும் திரை வேண்டுமே! ஆகவே இக்கோளாற்றினை அறிந்துகொள்வது ஒவ்வொரு குடும்பத்துக்கும் அவசியமாகும்.

திரை இருள்வது ஏன்?

முதலில் ஒன்றை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். பேசும்போது திரை இருள்வது கோளாறன்று. அவ்வாறே அது அமைக்கப்பட்டிருக்கின்றது. தொடுதிரை என்பது விரலுக்கும் கன்னத்துக்கும் வேற்றுமை அறியாதது. நம் உடல் மின்னைக் கடத்தும் இயல்புடையது. அவ்வியல்பினாலேயே திரை விரலின் தீண்டலை உணர்கின்றது. கன்னம் பட்டாலும் அது விரலென்றே கொள்ளும். திரை ஒளிர்ந்தபடி இருப்பின், பேசிக்கொண்டிருக்கையிலேயே கன்னம் பட்டு அழைப்புத் துண்டிக்கப்படும், அல்லது வேறு யாருக்கோ அழைப்புச் செல்லும். அன்றியும், காணாத திரைக்கு ஒளியூட்டுவதால் மின்கலமும் வீணே தேயும். இவ்விரு கேடுகளையும் தவிர்க்கவே, 2007ஆம் ஆண்டிலே அப்பிள் நிறுவனம் தன் முதலாவது ஐபோனை வெளியிட்டபோது, காதருகே கொண்டுசென்றதும் திரையை அணைக்கும் உணரி ஒன்றினை அதில் அமைத்தது. இன்று பெரும்பாலான கருவிகளில் இத்தகைய ஏற்பாடு உண்டு. திருத்துவோர் இதனைச் 'சென்சர்' என்பர்.

இந்த உணரி வேலை செய்யும் விதம் மாணவர்கள் அறிந்து மகிழத்தக்கது. 1800ஆம் ஆண்டிலே வில்லியம் ஹேர்ஷல் என்னும் வானியல் அறிஞர் ஞாயிற்றின் ஒளியை அரியத்தின் வழியே செலுத்தி, அதன் நிறங்கள் ஒவ்வொன்றிலும் வெப்பமானியை வைத்து அளந்தார். சிவப்பு நிறத்துக்கு அப்பால், கண்ணுக்கு ஒளியே தோன்றாத இடத்தில் வைத்த வெப்பமானியிலும் வெப்பம் ஏறக் கண்டு வியந்தார். அங்ஙனம் கண்டறியப்பட்டதே செங்கீழ்க் கதிர். நம் கைத்தொலைபேசியின் உச்சியிலே, காதுக்கு ஒலி வரும் துவாரத்தின் அருகே, ஒரு நுண்ணிய விளக்கு இக்கதிரையே வீசுகின்றது. அதன் பக்கத்திலே அக்கதிரை வாங்கும் ஒரு சிறு கண் இருக்கின்றது. எதிரே ஒன்றும் இல்லையாயின் கதிர் வெளியே சென்று மறையும். காதோ கன்னமோ அருகில் வரின், கதிர் அதன்மேற் பட்டுத் தெறித்துக் கண்ணை வந்தடையும். பல கருவிகளில் ஏறக்குறைய 5 சென்ரிமீற்றருக்குள் ஒரு பொருள் வந்ததும் "காது வந்துவிட்டது" என்று கருவி தீர்மானித்துத் திரையை அணைத்துவிடும்.

இனிக் கோளாறு பிறக்கும் வழி தானே விளங்கும். காதே இல்லாத போதும் வேறொன்று அக்கதிரைத் திருப்பி அனுப்புமாயின், கருவி ஏமாறும். காது இன்னும் அருகிலேயே இருப்பதாக எண்ணித் திரையை இருளிலே வைத்திருக்கும். அவ்வாறு திருப்பி அனுப்புவன யாவை? கன்னத்து வியர்வை, முகப்பூச்சு, தலைக்கு வைத்த தேங்காயெண்ணெய் ஆகியவை படிந்த படலம் ஒன்று. ஒலித்துவாரத்தின் ஓரத்திலே அடைந்த தூசி மற்றொன்று. கடையிலே ஒட்டித்தரும் 'ரெம்பர் கிளாஸ்' என்னும் காப்புக் கண்ணாடி, உணரிக்கு இடம்விடாது அமைந்திருப்பது மூன்றாவது. உடைந்த திரையை மாற்றும்போது, விளக்குக்கும் கண்ணுக்கும் இடையே இருக்கவேண்டிய சிறு தடுப்பைச் சரியாகப் பொருத்தாது விடுவது நான்காவது. அப்போது கதிர் வெளியே செல்லாமலே உள்ளுக்குள் கசிந்து கண்ணை அடையும்.

இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு. கருங்கூந்தல் இக்கதிரை நன்கு விழுங்கும் இயல்புடையது. காதை மறைத்துக் கூந்தல் தொங்கினால், கதிர் திரும்பாது, திரை அணையாது, கன்னம் பட்டு அழைப்புக் குழம்பும். அத்தகையோர் கூந்தலை ஒதுக்கிவிட்டுப் பேசின் போதுமானது.

நோயை அறிதல்

மருந்துக்கு முன் நோயை அறிதல் வேண்டும். முதலாவது, அழைப்பு இல்லாத வேளையிலே திரை செவ்வனே ஒளிர்கின்றதா என்று பாருங்கள். அப்போதும் இருண்டே கிடப்பின், பழுது திரையிலோ வேறிடத்திலோ இருக்கின்றது. இக்கட்டுரையின் பரிகாரங்கள் அதற்குப் பொருந்தா. இரண்டாவது, ஒருவருக்கு அழைப்பெடுத்து, காதிலே வையாமல் 'ஸ்பீக்கர்' வழியாகப் பேசுங்கள். அவ்வேளையில் திரை ஒளிர்ந்து, ஸ்பீக்கரை நிறுத்தியதும் இருளுமாயின், பழுது உணரியைச் சார்ந்ததென்று பெரும்பாலும் துணியலாம். ஸ்பீக்கரிற் பேசும்போதும் சிறிது நேரம் கழித்துத் திரை அணைவது வழமையே. பக்கத்துப் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் மீண்டும் ஒளிரும்.

மூன்றாவது, சில கருவிகளில் உணரியைச் சோதிக்கும் வழி மறைவாக உண்டு. சம்சுங் கருவிகள் பலவற்றில், அழைப்பு இலக்கம் எழுதும் இடத்தில் *#0*# என்று இட்டால் ஒரு பட்டியல் தோன்றும். அதிலே சென்சர் என்ற கட்டத்தைத் திறந்து, கையை உச்சிக்கருகே கொண்டுசென்றால் கருவி அதிர்ந்து காட்டும். சியோமி கருவிகளில் *#*#6484#*#* என்பது அத்தகைய வாயில். கையை எடுத்த பின்னும் "அருகில் உண்டு" என்றே கருவி காட்டுமாயின் நோய் உறுதியாயிற்று.

பரிகாரம்

செலவில்லாததில் தொடங்கிச் செலவுள்ளதை நோக்கிச் செல்வதே விவேகம்.

முதலிற் கருவியை அணைத்து மீண்டும் இயக்குங்கள். திரை இருளிலே சிக்கிக்கிடப்பின், பல அன்ட்ரொயிட் கருவிகளில் பக்கத்துப் பொத்தானையும் ஒலி குறைக்கும் பொத்தானையும் ஒருசேரப் பத்து விநாடிகளுக்கு மேல் அழுத்திப் பிடித்தால் கருவி தானே மறுபடி தொடங்கும்.

அடுத்து, மென்மையான பருத்தித் துணியைச் சிறிதே நனைத்துப் பிழிந்து, திரையின் மேற்பகுதியை மெதுவாகத் துடையுங்கள். ஊசியையோ குண்டூசியையோ துவாரத்திலே நுழைத்தல் ஆகாது. நீரையும் தெளித்தலாகாது.

அதன் பின்னரும் குணம் இல்லையெனில், மேலுறையைக் கழற்றிப் பாருங்கள். பயனில்லையேல் காப்புக் கண்ணாடியையும் உரித்துவிட்டுச் சோதியுங்கள். இவ்விரண்டினாலேயே தீர்ந்துபோகும் நோயைத் திரை பழுதென்று கருதி, ஆயிரக்கணக்கில் ரூபாவைக் கடையிலே கொட்டுவோர் பலர். புதிய கண்ணாடி ஒட்டும்போது, அதே ரகக் கருவிக்கென்று செய்யப்பட்டதாகவும் உணரிக்கு இடம்விட்டதாகவும் பார்த்து வாங்குதல் நன்று.

கருவியின் மென்பொருளையும் புதுப்பித்துப் பாருங்கள். 2010ஆம் ஆண்டிலே ஐபோன் 4 வெளிவந்தபோது அதன் உணரி தடுமாறுவதாக உலகெங்கும் முறைப்பாடுகள் எழுந்தன. அவ்வாண்டு செப்ரெம்பர் மாதத்திலே அந்நிறுவனம் வெளியிட்ட மென்பொருட் திருத்தம் அதனைச் சீர்செய்தது. எல்லாப் பழுதும் உறுப்பின் பழுதன்று என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு. சில கருவிகளில், அழைப்புக்குரிய செட்டிங்ஸ் பகுதியிலே உணரியை முற்றாக நிறுத்தி வைக்கவும் இடமுண்டு. நிறுத்தினால் கன்னம் படாமல் எச்சரிக்கையாகப் பேச வேண்டியிருக்கும்.

இவற்றுள் எதுவும் பலிக்காதாயின் திருத்துபவரிடம் கொண்டுசெல்லலாம். "திரை மாற்ற வேண்டும்" என்று அவர் கூறின், உணரியை மட்டும் சோதித்தாரா என்று கேளுங்கள். பல கருவிகளில் அது தனியே மாற்றத்தக்க சிறு உறுப்பேயாகும். 2017இல் வந்த ஐபோன் எக்ஸ் முதலாக முகம் பார்த்துத் திறக்கும் ஐபோன்களில், உச்சியிலுள்ள அவ்வுறுப்புத் தொகுதி அக்கருவியோடு பிணைக்கப்பட்டதாகும். அதனைப் பிறிதொன்றாக மாற்றினால் முகம் அறியும் வசதி அற்றுப்போகக்கூடும். எனவே அக்கருவிகளை அனுபவமற்ற கையிலே ஒப்படைத்தல் ஆகாது.

திருத்தும் வரை

திருத்தும் வரையிலும் தொலைபேசி நமக்கு வேண்டுமே! அதற்கும் வழிகள் உண்டு. காதிலே செருகும் 'இயர்போன்' பொருத்திப் பேசினால் பொதுவாகத் திரை இருளாது. அழைப்பெடுத்ததும், காதுக்குக் கொண்டுசெல்லுமுன்னரே ஸ்பீக்கரைத் தட்டிவிடுவதும் பயன்தரும்.

இவற்றினும் சிறந்தது, பக்கத்துப் பொத்தானாலேயே அழைப்பை முடிக்கும் ஏற்பாடாகும். ஐபோனிற் காதில் வைத்துப் பேசும் அழைப்பைப் பக்கத்துப் பொத்தான் இயல்பாகவே துண்டிக்கும். அன்ட்ரொயிட் கருவிகள் பலவற்றிலே, மாற்றுத்திறனாளிகளுக்கான வசதிகள் அடங்கிய செட்டிங்ஸ் பகுதியில் இதனை இயக்கி வைக்கலாம். இதனைச் செய்துவிட்டால் திரை விழித்தாலென்ன, உறங்கினாலென்ன? பேச்சு முடிந்ததும் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் அழைப்பு ஓயும். கண்பார்வை மங்கிய முதியோருக்கு, கோளாறு இல்லாத கருவியிலும் இது பெருந்துணையாகும்.

மாணவர்களுக்கு

மாணவர்கள் இதிலே ஒரு பரிசோதனையும் செய்து பார்க்கலாம். தொலைக்காட்சியின் ரிமோட்டை ஒரு கைத்தொலைபேசிக் கமெராவின் முன் பிடித்துப் பொத்தானை அழுத்துங்கள். கண்ணுக்குப் புலப்படாத ஒளி, கமெராத் திரையிலே வெண்மையாகவோ ஊதாவாகவோ மின்னுவதைக் காணலாம். முன்புறக் கமெராவிலே பெரும்பாலும் தெளிவாகத் தெரியும். அவ்வாறே, அழைப்பிலிருக்கும் ஒரு கருவியின் உச்சியை வேறொரு கருவியின் கமெராவாற் பார்த்தால், உணரியின் விளக்கு மெல்லென மின்னுவது சிலவற்றிலே தெரியும். தெரியாவிடின் பழுதென்று முடிவுசெய்யாதீர்கள். சில கமெராக்கள் இக்கதிரை வடித்துவிடும். சில கருவிகளில் கதிருக்குப் பதிலாக, செவிக்கு எட்டாத ஒலியலைகளே இப்பணியைச் செய்கின்றன. 2016இல் வெளிவந்த சியோமியின் மி மிக்ஸ் அத்தகையது.

மற்றொன்று. மேலே கூறிய பரிகாரங்களை ஒரே வேளையிலே செய்யாமல் ஒவ்வொன்றாகச் செய்து, ஒவ்வொன்றின் பின்னும் சோதித்துப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒருங்கே செய்தால் நோய் தீர்ந்தாலும் எதனால் தீர்ந்தது என்பது தெரியாது. அடுத்த முறையும் அத்தனையையும் செய்ய வேண்டிவரும். பாடசாலை ஆய்வுகூடத்திலே ஒன்றை மாற்றும்போது ஏனையவற்றை மாறாது வைத்திருக்கப் பயிலுகின்றீர்களே, அம்முறை வீட்டுக்கும் உதவுவது இங்ஙனமே.

இன்று ஞாயிறு. அம்மம்மாவின் அருகிலோ அப்பப்பாவின் அருகிலோ பத்து நிமிடம் அமர்ந்து, அவர்களுடைய கருவியின் திரையைத் துடைத்து, பக்கத்துப் பொத்தானால் அழைப்பை முடிக்கும் ஏற்பாட்டைச் செய்துகொடுங்கள். அவர்கள் கையாலேயே இரண்டு மூன்று முறை அழுத்திப் பழகச் செய்யுங்கள். தொலைவிலிருக்கும் பிள்ளைகளோடு அவர்கள் அச்சமின்றிப் பேசுவதற்கு இவ்வுதவி போதும்.